ஒன்பதாம் நம்பர் டிரைவ்

பெரியவன் செத்துப் பத்து நாளாகியும் அந்த மிஷினை யாரும் கழுவவில்லை.

கழுவக் கூடாது என்று போலீஸ் சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நாடாவை அவிழ்த்து, தண்ணீர் பீய்ச்சி, லைனை ஓட்டிக்கொள்ளலாம் என்று கம்பெனிக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

இப்போது மணி பதினொன்று.

"ஒரு மணி நேரம் இருக்கு டீச்சர்," என்றான் கியர். "கொலைகாரனைப் பிடிக்கணும், வண்டிக்கு டீசல் போடணும். எதை முதல்ல முடிக்கலாம்?"

"வாயை மூடு. அதை முதல்ல முடி."

டீச்சர் பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். வினாத்தாள் திருடிய தலைமையாசிரியரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தார். பள்ளி அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும், கூடவே ஒரு வேலைநீக்கக் கடிதமும் கொடுத்தது. அன்றிலிருந்து துப்பறிவதுதான் பிழைப்பு. கியர் அவருக்கு டிரைவர், எடுபிடி, தலைவலி. முன்பு லாரி ஓட்டியவன். ரிவர்ஸ் கியர் போட வேண்டிய இடத்தில் முதல் கியரைப் போட்டு முதலாளி வீட்டுச் சுவரோடு வரவேற்பறைக்குள் போனதில் வந்த பெயர்.

அது அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. பெட்டிகளை அடுக்கி, கட்டி, வாசல் வரை தள்ளிக்கொண்டு போகும் நீளமான லைன். தள்ளுவதற்கு ஒன்பது இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றும் கதவளவு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மோட்டார், மோட்டாருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று உத்தரவு போட ஒரு சர்வோ டிரைவ். தடித்த புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். எல்லா டிரைவையும் ஒரே நெட்வொர்க் கேபிளில் கோத்து நாற்பதடி தள்ளி இருக்கும் பேனலில் கொண்டுபோய் இணைத்திருந்தார்கள். பேனலில் எந்த நம்பரைத் தொடுகிறோமோ அந்தத் தட்டு நகரும்.

ஒன்பதாம் டிரைவ் எரிந்துபோயிருந்தது. புதியதைப் பொருத்தி நெட்வொர்க்கில் சேர்க்க அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். சொந்தமாகச் சின்ன ஆட்டோமேஷன் ஒர்க்ஷாப் வைத்திருந்தவர்கள். பெரியவன் டிரைவுக்கு நம்பர் வைத்துவிட்டு, சென்சாரைச் சரிபார்க்கத் தட்டுக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். தட்டு வந்தது. முழுசாக வந்து நின்றால் தட்டுக்கும் தூணுக்கும் இடையே ஒரு சாண் மிஞ்சும். பெரியவன் ஒரு சாணை விட அகலமானவன்.

கம்பெனி விசாரணை அரை நாளில் முடிந்தது. பெரியவன் ஒன்பது என்று வைக்க வேண்டிய நம்பரைத் தவறுதலாக ஆறு என்று வைத்துவிட்டான். லைனில் ஏற்கெனவே ஓர் ஆறு இருக்கிறது. ஃபோர்மேன் வழக்கமான சோதனைக்காகப் பேனலில் ஆறைத் தொட, இரண்டு ஆறும் ஒன்றாக நகர்ந்துவிட்டன. செத்தவனின் கவனக்குறைவு. கோப்பு மூடப்பட்டது.

"என் பெரியவன் நம்பர் தப்பா வைக்கிற ஆள் இல்ல," என்று சொல்லிக்கொண்டு டீச்சரிடம் வந்தவள் அவன் அம்மா. "யாரா இருந்தாலும் விடாதீங்க."

அவள் இப்போது லைன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சின்னவன், கையில் தண்ணீர் பாட்டிலோடு.

"மூடியைத் திறந்து குடுடா. மூடியோடவா குடிப்பேன்?" என்றாள் திரும்பாமலே. "இதெல்லாம் என் பெரியவனுக்குச் சொல்லவே வேண்டியதில்ல டீச்சரம்மா."

சின்னவன் மூடியைத் திறந்து கொடுத்தான்.

இன்ஸ்பெக்டர் கைப்பேசியில் மணி பார்த்தார். "ஆரம்பிங்க டீச்சர். மேலிடத்துல சொன்னதாலதான் வந்தேன்."

டீச்சர் ஃபோர்மேனிடம் போனார். ஐம்பது வயது. தேய்த்த சட்டை. விசாரணையில் ஏழு தடவை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பதில்கள்.

"அன்னிக்கு எங்க நின்னீங்க?"

"பேனல்கிட்ட. காலையிலிருந்து அங்கேயேதான் மேடம். நகரவே இல்ல."

"ஆறைத் தொட்டீங்க. அப்புறம்?"

"அய்யோன்னு சத்தம். உடனே எமர்ஜென்சி பட்டனை அடிச்சு மொத்த கரண்டையும் கட் பண்ணேன். அப்புறம்தான் ஓடினேன். நான் மட்டும் அடிக்கலேன்னா உடம்பு கூட மிஞ்சியிருக்காது."

நாற்காலியில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஃபோர்மேன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

"பாவம், ஆறுன்னு வச்சிருந்தான். என் கண்ணாலேயே பார்த்தேன். டிஸ்ப்ளேல ஆறு."

"ஓடிப்போய்ப் பார்த்தீங்களா?"

"ஆமா மேடம்."

"கரண்டைத்தான் கட் பண்ணிட்டீங்களே. கரண்ட் இல்லாம டிஸ்ப்ளேல எப்படி நம்பர் எரியும்?"

ஃபோர்மேன் டிரைவைத் திரும்பிப் பார்த்தார்.

"மண்ணெண்ணெய் டிஸ்ப்ளேயா இருக்கும் டீச்சர்," என்றான் கியர்.

"இல்ல... அதுக்கு முன்னாடி. காலையில. அவன் மாட்டும்போது போய்ப் பார்த்தேன்."

"நகரவே இல்லேன்னீங்களே?"

"ஒரே ஒரு தடவை போனேன் மேடம். முன்னாடி நின்னு பார்த்துட்டு வந்துட்டேன்."

"நேரா முன்னாடி நின்னு? ஆறுன்னு தெரிஞ்சுது?"

"சத்தியமா ஆறு."

டீச்சர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "பத்து நாளைக்கு அப்புறம் முதல் தடவையா இதுக்குக் கரண்ட் குடுக்கலாமா?"

கம்பெனி எலெக்ட்ரீஷியன் ஸ்விட்சைத் தூக்கினார். லைன் நெடுகப் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. இந்த வகை டிரைவ் கரண்ட் வந்ததும் தன் நம்பரைத்தான் காட்டும். சிவப்பாக, ஒரே இலக்கம்.

"கியர், மேல ஏறு."

ஒன்பதாம் டிரைவ் ஆள் உயரத்தில் ஒரு தூணில் பொருத்தப்பட்டிருந்தது. தூணுக்குப் பின்பக்கம், தலைக்கு மேலே, லைன் நெடுக ஓடும் இரும்பு நடைபாதை. கியர் ஏணியில் ஏறி, கைப்பிடிக் கம்பியில் வயிற்றை வைத்து, தூணுக்கு மேலாகத் தலைகீழாக எட்டிப் பார்த்தான்.

"என்ன தெரியுது?"

"உங்க நரைமுடி. எண்ணட்டுமா?"

"டிஸ்ப்ளே."

"ஆறு."

ஃபோர்மேன் பெருமூச்சு விட்டார். "நான்தான் சொன்னேனே மேடம்."

"கீழ இறங்கி வந்து நேரா நின்னு பார்."

கியர் வந்தான். பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். "ஒன்பது! நான் ஏணியில இறங்கி வர்றதுக்குள்ள மூணு ஏறிடுச்சு டீச்சர். டீசல் விலை மாதிரியே இருக்கு."

இன்ஸ்பெக்டர் முதல் முறையாகப் பைக்குள் கைப்பேசியை வைத்தார்.

"நேரா நின்னா ஒன்பது," என்றார் டீச்சர். "மேல இருந்து தலைகீழாப் பார்த்தாத்தான் ஆறு. செத்தவர் நம்பரைச் சரியாத்தான் வச்சிருக்கார். நீங்க பேனல்கிட்டயும் நிக்கல, முன்னாடியும் நிக்கல. மேல நடைபாதையில நின்னு எட்டிப் பார்த்திருக்கீங்க. லைன்ல ரெண்டு ஆறு வந்துடுச்சுன்னு நினைச்சீங்க. பெரியவர் தட்டுக்கு முன்னாடி முட்டிபோட்டு உட்கார்றதையும் பார்த்தீங்க. ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லல. இறங்கி, நாற்பதடி நடந்து, பேனலுக்குப் போய் ஆறைத் தொட்டீங்க."

"இல்ல மேடம்..."

"நாற்பதடி. நடுவுல எங்கேயாவது மனசு மாற இடம் இருந்துச்சு."

ஃபோர்மேனின் தேய்த்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பழைய டிரைவ் எரிந்ததற்குக் காரணம் ஃபோர்மேன் அதன் மேல் தண்ணீர் பீய்ச்சவிட்டதுதான் என்று பெரியவன் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருந்தான். இருபத்தாறு வருட வேலையில் முதல் மெமோ. அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பெண்கள் பகுதிக்குப் பக்கத்து போர்டில்.

"பயமுறுத்தணும்னுதான்..." ஃபோர்மேனின் குரல் உடைந்தது. "கால்ல கையில அடிபடும், ஒரு மாசம் படுப்பான்னுதான் நினைச்சேன். இப்படி ஆகும்னு... நான்தான் சார். நான்தான் கொன்னுட்டேன்."

அவர் தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினார். நாற்காலியில் இருந்தவள் எழுந்து வந்து அவர் முகத்தில் காறித் துப்பினாள். துடைக்கக்கூட அவர் கையை மடக்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் இன்ஸ்பெக்டர். "நல்ல வேலை டீச்சர். பன்னிரண்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"டீசலும் போட்டுடலாம்," என்றான் கியர்.

டீச்சர் நகரவில்லை. டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோர்மேன், அன்னிக்குச் செஞ்ச மாதிரியே இப்ப ஆறைத் தொடுங்க."

"வேண்டாம் மேடம்..."

"தொடுங்க. உள்ளே யாரும் இல்ல."

ஃபோர்மேன் தொட்டார். லைனின் நடுவில் பீப் பீப் என்று எச்சரிக்கை ஒலித்தது. ஆறாம் தட்டு நகர்ந்து போய் நின்றது. ஒன்பதாம் தட்டு கல் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

"அதான், நம்பர் ஒன்பதாச்சே. ஆறைத் தொட்டா எப்படி நகரும்?" என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டர், தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"சரி. இப்ப ஒன்பதைத் தொடுங்க."

பேனலில் ஒன்பதாம் கட்டம் சிவப்பாக இருந்தது, தொடர்பு இல்லை என்பதற்கு அடையாளமாக. பழைய டிரைவ் எரிந்த நாளிலிருந்தே அது சிவப்புதான். ஃபோர்மேன் தொட்டார். பீப் இல்லை. அசைவு இல்லை. மறுபடியும் தொட்டார். எதுவும் இல்லை.

"கியர், டிரைவுக்கு அடியில கையை விட்டுப் பார். நெட்வொர்க் கேபிள் மாட்டுற வாய் கீழ்ப்பக்கம் இருக்கும்."

கியர் குனிந்து தடவினான். "டீச்சர், இதுக்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கு."

நீல நிற ரப்பர் மூடி. பெட்டியிலிருந்து புதிதாக எடுக்கும்போது, தூசி போகாமல் இருக்க டிரைவைத் தயாரித்தவர்களே மாட்டி அனுப்புவது. கழற்றப்படவே இல்லை. நெட்வொர்க் கேபிளின் நுனி டிரைவுக்குப் பின்னால் செருகி வைக்கப்பட்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மாட்டியிருப்பது போலவே இருக்கும்.

"இந்த டிரைவ் இன்னும் நெட்வொர்க்குக்குள்ளேயே வரல," என்றார் டீச்சர். "பேனல்ல எந்த நம்பரைத் தொட்டாலும் இதுக்குக் காது கேட்காது. ஃபோர்மேன், நீங்க தொட்டது காலியா இருந்த ஆறாம் தட்டை மட்டும்தான் நகர்த்திச்சு."

ஃபோர்மேனுக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். எச்சில் காயாத முகத்தோடு, செத்தவனின் தாய்க்கு முன்னால், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நான் கொல்லலியா? சார், நான் கொல்லல சார்! கேட்டீங்களா?"

"கொல்லத்தான் பார்த்தீங்க," என்றார் டீச்சர். "துப்பில்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

இன்ஸ்பெக்டர் அவரை விடச் சொல்லவில்லை.

"அப்போ தட்டை யார் நகர்த்தினது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

டிரைவின் முகப்பில் இன்னொரு சின்ன வாய் இருந்தது. அதிலிருந்து ஒரு கருப்பு ஒயர் இரண்டு முழம் தொங்கியது. லேப்டாப்பை மாட்டி டிரைவோடு நேராகப் பேசுவதற்கான ஒயர். நெட்வொர்க் தேவையில்லை, பேனல் தேவையில்லை.

"லேப்டாப் யாருது?" என்று கேட்டார் டீச்சர், பதில் தெரிந்தும்.

தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருந்த கை இறங்கியது.

"எங்களுதுதான்," என்றான் சின்னவன். "ஆனா நான் அங்க இல்ல. போலீஸ்லயே சொல்லிட்டேன். கிரிம்பிங் டூல் எடுக்க வண்டிக்குப் போயிருந்தேன்."

"அது எதுக்கு?"

"கேபிள் நுனியில பிளக் போட."

டீச்சர் டிரைவுக்குப் பின்னாலிருந்து கேபிளை இழுத்துக் காட்டினார். நுனியில் பிளக் இருந்தது. ஒயரோடு சேர்த்து வார்த்த, தயாரிக்கும்போதே போட்டு வரும் பிளக். "போட்ட பிளக்குக்கு மறுபடியும் பிளக்கா தம்பி?"

சின்னவன் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினான்.

"மூணு நாளா இந்த டிரைவோட புத்தகத்தைத்தான் படிச்சுட்டு இருந்தேன். லேப்டாப்ல இருந்து தட்டை நகர்த்தணும்னா, பட்டனை ஒரு தடவை தட்டிட்டு விட்டா போதாது. அமுக்கிப் பிடிச்சுட்டே இருக்கணும். விரலை எடுத்தா அந்த இடத்துலயே நின்னுடும். பாதுகாப்புக்காக அப்படி வச்சிருக்காங்க. தட்டு அங்கேயிருந்து தூணுக்கு வர நாலு செகண்டு. தெரியாம கை பட்டுச்சுன்னு சொல்ல முடியாது. உங்க அண்ணன் கத்தினது உனக்குக் கேட்டிருக்கும். அப்பவும் விரலை எடுக்கல. லேப்டாப்போட பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். அதுல ஒருத்தர் உள்ளே இருந்தார்."



அம்மா மெதுவாகத் திரும்பினாள். "டேய். இவங்க என்னமோ சொல்றாங்க. இல்லேன்னு சொல்லு."

சின்னவன் அவளைப் பார்த்துத்தான் பேசினான். மற்றவர்கள் யாரும் அங்கே இல்லாதது போல.

"அன்னிக்குக் காலையில அண்ணனுக்குப் போன் பண்ணியே, ஞாபகம் இருக்கா? ஸ்பீக்கர்ல போட்டிருந்தான். ‘சின்னவனை எதுலயும் கை வைக்க விடாதே கண்ணு, தொட்டதெல்லாம் நாசம் பண்ணுவான்'னு சொன்னே. அண்ணன் சிரிச்சான். ‘கேட்டுக்கிட்டியா'ன்னு என் கன்னத்துல தட்டிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். டிரைவைத் தேர்ந்தெடுத்தது நான். புரோகிராம் போட்டது நான். அவனுக்கு அந்த லேப்டாப்பை ஒழுங்கா மூடக்கூடத் தெரியாதும்மா."

"டேய்..."

"அப்பதான் ஆறாம் தட்டு பீப் அடிச்சுது. யாரோ லைனை ஓட்டுறாங்க, பழி அவங்க மேலதான் போகும்னு தோணுச்சு. பட்டன் என் விரலுக்குக் கீழ இருந்துச்சு."

பத்து நாட்களாகக் கொன்றவனைத் தூக்கில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் தரையைப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுவது போல இருந்தது. போட்டு முடித்ததும் அவள் டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"டீச்சரம்மா. அந்த ஃபோர்மேன் ஒத்துக்கிட்டான்ல? அவன் வாயாலேயே சொன்னான்ல? அதோட விட்டுடுங்க."

"அவர் கொல்லலம்மா."

"கொல்லணும்னு நினைச்சான்ல! அது போதாதா? அந்த மூடியைக் கழட்டிட்டு ஒயரை மாட்டிட்டா யாருக்குத் தெரியப்போகுது? இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் பிள்ளை பெத்தவர்தானே?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"யாரா இருந்தாலும் விடாதீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றார் டீச்சர்.

"அப்ப எனக்கு ரெண்டு பிள்ளை!" என்று கத்தினாள். "இப்ப ஒண்ணுதான்!"

அவள் சின்னவனிடம் ஓடினாள். அவன் சட்டையைப் பிடித்தாள், முகத்தைத் தடவினாள். "நீ ஒண்ணும் பேசாதே. அம்மா பார்த்துக்கறேன். நல்ல வக்கீலா வைக்கிறேன். நீ சொன்னதுக்கு என்ன சாட்சி இருக்கு? பயத்துல உளறிட்டேன்னு சொல்லிடு. சொல்லு கண்ணு."

சின்னவன் அசையாமல் நின்றான். முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக ‘கண்ணு' என்ற அந்த வார்த்தை அவனுக்கு வந்திருந்தது. அவன் முகத்தில் ஏதோ நெகிழ்வது போல இருந்தது. கியர் கூட அவன் அம்மாவை மன்னித்து அழப்போகிறான் என்று நினைத்தான்.

அவன் அழவில்லை. சின்னவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்து எடுத்தான். அவளைப் பிளாஸ்டிக் நாற்காலி வரை கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் உட்கார வைத்தான். பிறகு நேராக இன்ஸ்பெக்டரிடம் நடந்தான்.

"டீச்சர் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு சார். நாலு செகண்டு இல்ல. தட்டு நின்னதுக்கு அப்புறமும் ரெண்டு செகண்டு நான் விரலை எடுக்கல. லேப்டாப் எங்க வீட்டுல என் கட்டிலுக்கு அடியில இருக்கு. பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்கங்க."

ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கூட வந்திருந்த கான்ஸ்டபிள் எழுதினார்.

"டேய், வேண்டாம்டா!" நாற்காலியிலிருந்து அவள் எழ முயன்றாள். "நீயும் போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?"

சின்னவன் திரும்பிப் பார்த்தான். இத்தனை நேரத்தில் அவன் குரல் முதல் முறையாக மென்மையாக ஒலித்தது.

"அதுக்குத்தாம்மா போறேன்."

வெளியே ஜீப்பில் ஃபோர்மேன் ஏற்கெனவே உட்கார வைக்கப்பட்டிருந்தார். சின்னவன் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும், அவர் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, "சார், என்னை வேற வண்டியில கூட்டிட்டுப் போங்க சார்," என்று கெஞ்ச ஆரம்பித்தார்.